ஆற்றங்கரையில் ஒரு பலகை: செரோக்கி மக்களின் வரலாற்றை எப்படி வாசிப்பது?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், வோனோர் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு நினைவுக்கல் நிற்கிறது. எதிரே தெரிவது லிட்டில் டென்னசி ஆற்றை மறித்துக் கட்டிய டெலிக்கோ அணையின் நீர்த்தேக்கம். கல்லில் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: தனாசி என்ற ஊர் 1721 முதல் 1730 வரை செரோக்கி தேசத்தின் தலைநகராக இருந்தது. டென்னசி என்ற மாநிலப் பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. ஊர் இப்போது நீருக்கடியில், இந்தக் கல்லுக்கு மேற்கே சுமார் 300 கஜ தூரத்தில் இருக்கிறது.

"இங்கேதான் நடந்தது" என்று சொல்லும் கற்களை எல்லோரும் பார்த்திருப்போம். "இங்கே இல்லை, அதோ அந்தத் தண்ணீருக்குள்ளே" என்று சொல்லும் கல் இது. ஏறக்குறைய எழுபது லட்சம் பேர் தங்கள் மாநிலத்தின் பெயராகத் தினமும் சொல்லும் ஒரு சொல், மூழ்கிப்போன செரோக்கி ஊர் ஒன்றின் பெயர்.

டென்னசி ஆற்றையும் அதன் துணையாறுகளையும் ஒட்டி, செரோக்கி மக்களை நினைவுகூரும் கற்களும் பலகைகளும் பல இடங்களில் உண்டு. அட்லாண்டா பக்கம் வசிக்கும் தமிழர்கள் வார இறுதியில் சட்டனூகாவுக்குப் போய் மீன் காட்சியகம் பார்த்துவிட்டு ஆற்றங்கரையில் நடந்தால், அங்கேயும் எதிர்ப்படும். படித்துவிட்டு வருபவர்கள் பொதுவாகச் சொல்வது இதுதான்: "முன்னாடி இங்கே செவ்விந்தியர்கள் இருந்தாங்களாம். ஒப்பந்தம் போட்டு நிலத்தைக் கொடுத்துட்டு மேற்கே போயிட்டாங்களாம். இப்போ யாரும் இல்லையாம்."

இங்கே இருந்தார்கள் என்பதைத் தவிர இதில் ஒன்றுகூடச் சரியில்லை. ஆனால் அப்படிச் சொல்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பலகையில் இருக்கும் நாலைந்து வரியை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். அதனால் இந்தப் பலகைகளில் திரும்பத் திரும்ப வரும் மூன்று சொற்களை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்: தேசம், ஒப்பந்தம், அகற்றல்.

அதற்கு முன் ஒரு சொல்லை ஒதுக்கிவிடலாம். "செவ்விந்தியர்" என்று நாம் பள்ளியில் படித்த சொல், கொலம்பஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்த பிழையையும் தோல் நிறத்தையும் சேர்த்து ஒட்டியது. அந்த மக்கள் தங்களை அனியுன்வியா என்று சொல்லிக்கொள்கிறார்கள். தலையாய மக்கள், உண்மையான மக்கள் என்று பொருள். செரோக்கி என்பது அவர்களும் இன்று ஏற்றுப் பயன்படுத்தும் பெயர். நாமும் செரோக்கி என்றே சொல்லலாம்.

பலகை எவ்வளவு பேச முடியும்?

ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி இருக்கும், மண்டபம் இருக்கும், இரண்டு வீட்டுப் பெரியவர்களின் பெயர்கள் இருக்கும். சம்பந்தம் எப்படி அமைந்தது, யார் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, யார் மனம் கோணிப்போனார் என்பதெல்லாம் இருக்காது. பத்திரிகை பொய் சொல்லவில்லை. அதன் வேலை அவ்வளவுதான்.

அமெரிக்கச் சாலையோரங்களிலும் ஆற்றங்கரைகளிலும் நிற்கும் வரலாற்றுப் பலகையும் அப்படித்தான். ஒரு கம்பத்தின் மேல் உலோகத் தகடு, அதில் மேடாக எழுந்து நிற்கும் எழுத்துகள். 1920களில் கார்கள் பெருகியபோது, போகிற வழியில் நிறுத்திப் படிப்பதற்காக மாநிலங்கள் இவற்றை வரிசையாக நடத் தொடங்கின. வர்ஜீனியா 1927இல் தொடங்கியது, மிகப் பழைய திட்டங்களில் ஒன்று.

தகடு உருவாகும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். முதலில் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து ஓர் அச்சுப் பலகையில் வரிசையாகப் பொருத்துகிறார்கள். அந்த அச்சை ஈர மணலில் அழுத்தி எடுத்தால் மணலில் எழுத்துகள் பள்ளமாகப் பதியும். உருக்கிய அலுமினியத்தை அதில் ஊற்றி ஆறவிட்டால் தகடு கிடைக்கும். பிறகு வண்ணம் பூசி, எழுத்தின் முகட்டுக்கு மட்டும் வேறு நிறம். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய நூறு சொல்தான் கொள்ளும். அடித்துத் திருத்த முடியாது. சொல் தவறாக இருந்தால் புதிதாக வார்க்கத்தான் வேண்டும்.

அந்த நூறு சொல்லை யார் எழுதுகிறார்கள்? பெரும்பாலும் உள்ளூர் வரலாற்றுச் சங்கமோ ஊராட்சியோ விண்ணப்பிக்கும், மாநில வரலாற்று ஆணையம் திருத்தி ஒப்புக்கொள்ளும். பல காலமாக அந்த மேசையில் செரோக்கியர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதுதான் முக்கியம். செரோக்கியரைப் பற்றிய பலகை வேறு, செரோக்கியர் எழுதிய பலகை வேறு.

ந் ஓர் எழுத்து, த் ஓர் எழுத்து

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்தப் பலகைகளை வாசிக்க ஒரு வசதி இருக்கிறது. "மக்கள் இடம் பெயர்ந்தார்கள்." "மக்களை இடம் பெயர்த்தார்கள்." வினைச்சொல்லில் ஒரே ஓர் எழுத்துதான் மாறுகிறது. முதலாவது தன்வினை, மக்கள் தாமே செய்தது. இரண்டாவது பிறவினை, வேறு யாரோ அவர்களுக்குச் செய்தது. இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதும் அடுத்த கேள்வி தானாக வரும்: யார் பெயர்த்தது?

பழைய பலகைகள் பலவற்றில் வாக்கியம் தன்வினையில் இருக்கும்: செரோக்கியர் இந்த வழியாக மேற்கே சென்றனர், இந்தத் துறையிலிருந்து புறப்பட்டனர். எழுவாய் செரோக்கியர், பயனிலை சென்றனர். எல்லாம் இலக்கணப்படி சரி. ஆனால் செய்தவர் வாக்கியத்தில் இல்லை. எந்தப் பலகையைப் படித்தாலும் "யார்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இந்தக் கட்டுரை முழுக்க நாம் செய்யப்போவதும் அதைத்தான்.

முதல் சொல்: தேசம்

பழங்குடி என்றதும் நம் மனதில் காடு, குடிசை, வேட்டை என்று ஒரு படம் வந்துவிடும். 1820களின் செரோக்கி நாட்டுக்கு அந்தப் படம் பொருந்தாது. இன்றைய ஜார்ஜியா மாநிலத்துக்குள் நியூ எக்கோட்டா என்ற தலைநகர், அங்கே ஒரு சட்டமன்றம், ஓர் உச்ச நீதிமன்றம். 1827இல் எழுத்து வடிவ அரசமைப்புச் சட்டம். 1828இல் முதன்மைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜான் ராஸ்.

அதே 1828இல் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற செய்தித்தாள் வெளிவந்தது, செரோக்கியிலும் ஆங்கிலத்திலும். இது எப்படி முடிந்தது என்பது தனியாகச் சொல்ல வேண்டிய கதை. செக்கோயா என்ற செரோக்கியர் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். "பேசும் காகிதம்" வெள்ளையரிடம் இருக்கிறது, நம்மிடம் ஏன் இருக்கக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1821இல் தம் மொழிக்கு ஓர் எழுத்து முறையை முடித்தார். ஒவ்வொரு குறியும் ஓர் அசையைக் குறிக்கும். நம் 'க, கா, கி' போல மெய்யும் உயிரும் சேர்ந்த ஒலிக்கு ஒரே வடிவம். இன்று பயன்பாட்டில் இருப்பவை 85 எழுத்துகள். மொழி தெரிந்தவர்கள் சில வாரங்களில் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். தனியொரு மனிதர், எழுதப் படிக்கத் தெரியாத நிலையிலிருந்து ஒரு முழு எழுத்து முறையைப் படைத்தது உலக வரலாற்றிலேயே மிக அபூர்வம். அவர் பிறந்த ஊரும் தனாசிக்குப் பக்கத்தில், அதே லிட்டில் டென்னசிக் கரையில்தான் இருந்தது.

இந்தப் படத்தில் இருண்ட பகுதியும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வசதி படைத்த செரோக்கியர் சிலர் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். 1835ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் செரோக்கியர் 16,542 பேர், அடிமைகள் 1,592 பேர். பின்னால் நடந்த பயணத்தில் அவர்களும் நடந்தார்கள். பெரும்பாலான பலகைகளில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

சரி, அமெரிக்காவுக்குள்ளே இன்னொரு தேசமா? ஒரு பெரிய மதில் சுவருக்குள் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மதிலின் வெளிவாசல் பெரிய குடும்பத்தின் பொறுப்பு. ஆனால் உள்ளே இருக்கும் அந்த வீட்டுக்குத் தனிச் சாவி உண்டு, அந்த வீட்டு விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மூக்கை நுழைக்க முடியாது. தன் வீட்டில் தானே முடிவெடுக்கும் இந்த அதிகாரத்தின் பெயர் இறையாண்மை. 1832இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது: செரோக்கி நிலத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செல்லாது. தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதிய தீர்ப்பு அது.

ஆக, பலகையில் 'தேசம்' என்று இருந்தால் அது மரியாதைக்குச் சொன்ன அலங்காரச் சொல் இல்லை. அரசமைப்பும் நீதிமன்றமும் செய்தித்தாளும் வைத்திருந்த, நீதிமன்றமே ஒப்புக்கொண்ட ஓர் அரசு.

இரண்டாம் சொல்: ஒப்பந்தம்

தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்த பிறகும் எப்படி நிலம் போனது? எல்லாக் குழப்பமும் இங்கேதான்.

1802லேயே அமெரிக்க மத்திய அரசு ஜார்ஜியாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தது: உங்கள் எல்லைக்குள் இருக்கும் பூர்வகுடிகளின் நில உரிமையை நாங்கள் வாங்கி முடித்துத் தருகிறோம் என்று. அது இழுத்துக்கொண்டே இருந்தது. 1828, 1829 வாக்கில் செரோக்கி நிலத்திலும் அதை ஒட்டியும் தங்கம் கிடைத்தது. பொறுமை போனது. ஜார்ஜியா தன் சட்டத்தைச் செரோக்கி நிலத்தின் மேல் விரித்தது. வெள்ளையருக்கு எதிராகச் செரோக்கியர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது என்று ஆக்கியது. 1832இல் அந்த நிலத்தைத் துண்டு துண்டாக்கிக் குலுக்கல் நடத்தியது. குடும்பங்கள் உள்ளே வாழ்ந்துகொண்டிருந்த வீடுகளும் வயல்களும் குலுக்கலில் இருந்தன. 1835 வசந்தத்தில் வாஷிங்டனிலிருந்து வீடு திரும்பிய ஜான் ராஸ், தம் வீட்டில் குலுக்கலில் வென்றவர் குடியேறியிருப்பதைப் பார்த்தார். தேசத்தின் தலைவருக்கே அந்த நிலை.

இதற்கிடையே 1830 மே 28 அன்று அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். பூர்வகுடிகளின் நிலத்தை வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே நிலம் கொடுக்க அதிபருக்கு அதிகாரம் தரும் சட்டம். கீழவையில் 102க்கு 97 என்று மயிரிழையில் நிறைவேறியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டம் "துரத்து" என்று சொல்லவில்லை. "ஒப்பந்தம் செய்து மாற்று" என்றுதான் சொன்னது. ஆக, சட்டத்துக்கு ஓர் ஒப்பந்தம் தேவை. ஒப்பந்தத்துக்கு ஒரு கையெழுத்து தேவை. ராஸ் கையெழுத்துப் போடமாட்டார். எனவே போடக்கூடிய வேறு கைகளைத் தேடினார்கள்.

நமக்குத் தெரிந்த உதாரணமே போதும். கூட்டுக் குடும்பத்துச் சொத்து, பத்திரத்தில் எல்லாப் பங்காளிகளின் பெயரும் இருக்கிறது. குடும்பத் தலைவர் விற்கமாட்டேன் என்கிறார். வாங்க வந்தவர், தலைவர் ஊரில் இல்லாத நாளில் நான்கு பங்காளிகளைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறார். அவர்களிடம் பவர் பத்திரம் கிடையாது. பதிவாளர் அதைத் தெரிந்தே பதிவு செய்துவிடுகிறார். அந்தச் சொத்து விற்கப்பட்டதா, பறிக்கப்பட்டதா?

1835 டிசம்பர் 29 அன்று நியூ எக்கோட்டாவில் நடந்தது அதுதான். ராஸ் அப்போது வாஷிங்டனில். கூட்டத்துக்கு வந்தவர்கள் சில நூறு பேர். கையெழுத்திட்டவர்கள் ஏறக்குறைய இருபது பேர். மேஜர் ரிட்ஜ், அவர் மகன் ஜான் ரிட்ஜ், 'ஃபீனிக்ஸ்' இதழின் முதல் ஆசிரியர் எலியாஸ் பூடினாட் ஆகியோர் இந்தத் தரப்பில் முன்னின்றவர்கள். தேசத்தின் சார்பில் கையெழுத்திட அவர்களுக்குத் தேசம் அதிகாரம் தரவில்லை. ஐம்பது லட்சம் டாலருக்கும் மேற்கில் நிலத்துக்கும் ஈடாகச் செரோக்கியரின் கிழக்கு நிலம் முழுவதும் எழுதிக்கொடுக்கப்பட்டது.

இவர்களைக் காசுக்கு விலைபோனவர்கள் என்று ஒரே வரியில் முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எப்படியும் நிலம் போகப்போகிறது, பேசி எதையாவது பெற்றுக்கொண்டால் மக்களாவது மிஞ்சுவார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். அதிகாரமில்லாமல் நிலத்தை எழுதிக்கொடுப்பவருக்கு மரண தண்டனை என்ற செரோக்கிச் சட்டமும் அவர்களுக்குத் தெரியும். 1839 ஜூன் 22 அன்று மூவரும் கொல்லப்பட்டார்கள்.

பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு எதிர்ப்பு மனு வாஷிங்டனுக்குப் போனது. அதற்கு முன்பே, 1836 மே மாதம், மேலவை ஒப்பந்தத்தை ஏற்றிருந்தது. ஒப்பந்தம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். விழுந்தவை ஆதரவாக 31, எதிராக 15. ஒரே ஒரு வாக்கு குறைந்திருந்தாலும் தோற்றிருக்கும். மக்கள் கிளம்புவதற்கு இரண்டு ஆண்டு கெடு கொடுத்தார்கள்: 1838 மே 23.

இதுவரை வந்ததைக் கோத்துப் பார்த்தால்: தங்கமும் நிலமும் வேண்டும், அதற்கு ஒரு சட்டம், சட்டத்துக்கு ஓர் ஒப்பந்தம், ஒப்பந்தத்துக்கு அதிகாரமில்லாத சில கையெழுத்துகள். பலகையில் "ஒப்பந்தத்தின்படி" என்று ஒரு சொல் வந்தால் இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

மூன்றாம் சொல்: அகற்றல்

ஆங்கிலத்தில் இதற்கு 'ரிமூவல்' என்று பெயர். அந்தக் காலத்து அரசாங்கக் காகிதங்களில் 'எமிக்ரேஷன்', அதாவது குடிபெயர்தல் என்ற சொல்லும் தாராளமாக வரும். அடைத்து வைக்கும் முகாமுக்கே குடிபெயர்வோர் நிலையம் என்று பெயர். வேலை மாற்றல் ஆகி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவது போல ஒலிக்கிறது. நடந்தது வேறு.

கெடு முடிந்தபோது பெரும்பாலான செரோக்கியர் தங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். வயலில் பயிர் இருந்தது. ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட் தலைமையில் ஏறக்குறைய ஏழாயிரம் வீரர்கள் வந்தார்கள். மே 26 அன்று ஜார்ஜியாவில் தொடங்கி வீடு வீடாகப் போனார்கள். கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மக்கள் வெளியே வர வேண்டியிருந்தது. முதலில் மரக்கட்டை வேலி போட்ட பட்டிகள், பிறகு பெரிய முகாம்கள். முகாம்களில் வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் கக்குவானும் பரவின. பயணம் தொடங்கும் முன்பே சாவு தொடங்கிவிட்டது.

ஆறு இந்தக் கதையில் ஏன் இவ்வளவு வருகிறது? அந்தக் காலத்தில் கூட்டத்தை நகர்த்த எளிய வழி தண்ணீர்தான். டென்னசி ஆறு ஓஹாயோவில் சேர்கிறது, ஓஹாயோ மிசிசிப்பியில். மிசிசிப்பியில் கீழே போனால் ஆர்கன்சா ஆற்றின் முகம், அதில் மேலே ஏறினால் மேற்கில் ஒதுக்கிய பிரதேசம், இன்றைய ஓக்லஹோமா. படத்தில் கோடு இழுத்தால் அழகாக இருக்கும். முதல் குழு 1838 ஜூன் 6 அன்று ராஸ் துறையிலிருந்து நீராவிக் கப்பலிலும் அதோடு கட்டிய படகுகளிலும் ஏற்றப்பட்டது. வட அலபாமாவில் ஆற்றில் பாறைத் திட்டுகள் இருந்த இடத்தில் இறக்கி, கொஞ்ச தூரம் ரயிலில் கொண்டுபோய், மறுபடி படகில் ஏற்றினார்கள். ஜூன் 19 அன்று அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த இரண்டு குழுக்களுக்கு அப்படி அமையவில்லை. கடும் வறட்சி, ஆற்றில் நீர் இறங்கிக்கொண்டே போனது. வெயிலும் நோயும் சேர்ந்து தாக்கின, குழந்தைகள்தான் அதிகம் இறந்தார்கள். இந்த மூன்று குழுக்களிலும் சேர்த்து ஏறக்குறைய 2,800 பேர். மீதிப் பேரை இலையுதிர் காலம் வரை நிறுத்தி வைக்கும்படி செரோக்கித் தலைவர்கள் கேட்டார்கள். பயணத்தை நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்றும் சொன்னார்கள். ஸ்காட் ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் நிலவழிப் பயணம் வருகிறது. குழுவுக்கு ஏறக்குறைய ஆயிரம் பேராக, செரோக்கியரே தலைமை தாங்க, குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. வண்டிகள் நோயாளிக்கும் முதியவருக்கும் சாமானுக்குமே போதவில்லை. மற்றவர்கள் நடந்தார்கள். ஹைவாசி ஆறு டென்னசி ஆற்றில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிளைத் படகுத்துறை என்று ஒன்று இருந்தது. ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் அங்கே ஆற்றைக் கடந்தார்கள். பலருக்கு அந்தக் கரைதான் தாய்நிலத்தில் கடைசியாகக் கால் வைத்த இடம்.

பிறகு கென்டக்கி, இல்லினாய், மிசூரி. டிசம்பரில் மிசிசிப்பி ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்து அடைத்துக்கொண்டதால் கடக்க முடியவில்லை. தென் இல்லினாயில் சில குழுக்கள் உறைபனியில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. 1839 ஜனவரி முதல் மார்ச் வரை ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. ஜான் ராஸின் மனைவி குவாட்டி வழியிலேயே லிட்டில் ராக் பக்கம் இறந்துபோனார்.

மொத்தம் ஏறக்குறைய 16,000 பேர் அகற்றப்பட்டார்கள், நாலாயிரம் பேர் வரை இறந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. முகாமில் இறந்தவர்கள், வழியில் இறந்தவர்கள், போய்ச் சேர்ந்த பின் அதன் தாக்கத்தில் இறந்தவர்கள் என்று எதைச் சேர்ப்பது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை கூடும். கண்ணீர்த் தடம் என்று இன்று அழைப்பது இதைத்தான். அது ஒரே பாதை இல்லை. ஒன்பது மாநிலங்களில் பரவிய நீர்வழிகளும் நிலவழிகளும் சேர்ந்தது. 1987இல் தேசிய வரலாற்றுத் தடமாக அறிவித்தார்கள். செரோக்கியர் மட்டுமே இப்படி நடந்தார்கள் என்பதும் இல்லை. சோக்டா, மஸ்கோகி, சிக்கசா, செமினோல் மக்களும் அதே பத்தாண்டுகளில் அகற்றப்பட்டார்கள்.

ராஸ் துறை என்ற சட்டனூகா

முதல் கப்பல் கிளம்பிய ராஸ் துறை எது என்று கேட்டால், இன்றைய சட்டனூகா நகரத்தின் ஆற்றங்கரை. 1816 வாக்கில் அங்கே படகுத்துறையும் கடையும் வைத்தவர் வேறு யாருமில்லை, ஜான் ராஸ்தான். அவர் நிறுவிய துறையிலிருந்தே அவருடைய மக்களை ஏற்றினார்கள். அதே 1838இல் ஊருக்குச் சட்டனூகா என்று புதுப் பெயரும் வந்தது.

2005இல் அங்கே 'தி பேசேஜ்' என்ற நினைவிடம் திறக்கப்பட்டது. நகரத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டு, பக்கத்திலேயே படி படியாக வழிந்து ஆற்றை நோக்கி ஓடும் தண்ணீர். சுவரில் ஆளுயரத்துக்கு ஏழு பெரிய வட்டச் சுடுமண் ஓவியங்கள். ஓக்லஹோமாவிலிருந்து வந்த செரோக்கிக் கலைஞர் குழு செய்தவை. குழுவின் பெயர் கடூகி. ஊர் கூடி ஒருவருக்கொருவர் வேலை செய்து கொடுப்பதைக் குறிக்கும் செரோக்கிச் சொல் அது. ஏழு என்பதும் தற்செயல் இல்லை. செரோக்கியரிடம் ஏழு குலங்கள்: ஓநாய், மான், பறவை, வண்ணம், நீள்கூந்தல், நீலம், காட்டுக்கிழங்கு. பிள்ளை தாயின் குலத்தைச் சேரும்.

கோடையில் குழந்தைகள் அந்தத் தண்ணீரில் இறங்கி விளையாடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் உலோகப் பலகைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியவர்கள் நின்று பார்க்க வேண்டும். அகற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் திரும்பி வந்து, தங்கள் சின்னங்களில், தங்கள் கையால் சொன்னது இது.

தனாசி ஏன் தண்ணீருக்குள்?

தொடக்கத்தில் பார்த்த கல்லுக்குத் திரும்புவோம். தனாசியை மூழ்கடித்தது 1838 இல்லை. 1979 நவம்பரில் டெலிக்கோ அணையின் கதவுகளை மூடினார்கள். அணையைக் கட்டியது டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையம் என்ற மத்திய அரசு நிறுவனம். ஸ்னெய்ல் டார்ட்டர் என்ற சிறு மீன் அழிந்துபோகும் என்று தொடுத்த வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் அணையைத் தடுத்தது. அப்புறம் நாடாளுமன்றம் அந்த அணைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. மீன் வழக்கு உலகப் புகழ் பெற்றது. முன்னோரைப் புதைத்த இடமும் புனித இடங்களும் மூழ்கும் என்று செரோக்கியர் போட்ட வழக்கு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை, நீதிமன்றங்கள் ஏற்கவுமில்லை.

தனாசிக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு தலைநகர் சோட்டா. அங்கே ஊர்மன்றம் இருந்த இடத்தை மட்டும் மண் கொட்டி மேடாக்கி, எட்டுத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். ஏழு குலங்களுக்கு ஏழு, தேசத்துக்கு ஒன்று. சுற்றிலும் நீர்.

இங்கேயும் அதே கேள்வியைக் கேட்கலாம். "இப்போது நீருக்கடியில் இருக்கிறது" என்று கல் சொல்கிறது. மூழ்கியதா, மூழ்கடித்தார்களா?

இப்போது யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். அமெரிக்க அரசு அங்கீகரித்த செரோக்கி அரசுகள் மூன்று. ஓக்லஹோமாவில் தாலக்வாவைத் தலைநகராகக் கொண்ட செரோக்கி தேசம். அதன் குடிமக்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். அதே ஊரில் யுனைட்டட் கீட்டூவா குழு. வட கரோலினாவின் மலைகளில் கிழக்குச் செரோக்கியர். 1838இல் அகற்றப்படாமல் தங்கியவர்கள், மலைக்குள் ஒளிந்து தப்பியவர்கள் ஆகியோரின் வழிவந்தவர்கள். தங்கள் தாய்க் கிராமமாக அவர்கள் கருதும் கீட்டூவா, டக்கசீஜி ஆற்றங்கரையில் இருக்கிறது. அதன் 309 ஏக்கரை 1996இல் விலை கொடுத்து வாங்கி மீட்டார்கள். அவர்கள் ஊரில் தெருப் பெயர்ப்பலகைகளில் செக்கோயாவின் எழுத்தும் இருக்கிறது.

மொழிக்குத்தான் நெருக்கடி. சரளமாகப் பேசுகிறவர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர், பெரும்பாலோர் முதியவர்கள். 2019இல் மூன்று செரோக்கி அரசுகளும் கூடி மொழிக்கு நெருக்கடி நிலை அறிவித்தன.

அந்த 1835 ஒப்பந்தமும் இறந்த காகிதம் இல்லை. அமெரிக்கக் கீழவையில் செரோக்கி தேசத்துக்கு ஒரு பிரதிநிதி இருக்கலாம் என்று அதன் ஏழாம் பிரிவு சொல்கிறது. நிலத்தை எடுத்துக்கொள்ளும் பிரிவுகள் உடனே நடந்துவிட்டன, இந்தப் பிரிவு காத்திருக்கிறது. 2019இல் செரோக்கி தேசம் கிம்பர்லி டீஹியைப் பிரதிநிதியாக நியமித்தது. 2022 நவம்பரில் கீழவைக் குழு ஒன்று விசாரித்தது. நாற்காலி மட்டும் தரப்படவில்லை. பெயருக்கும் இதே கதைதான். ஜீப் செரோக்கி என்ற வண்டியை நம் ஊரில்கூடத் தெரியும். எங்கள் பெயரை வண்டியின் மேல் ஒட்டாதீர்கள் என்று 2021இல் செரோக்கி தேசத்தின் தலைவர் சக் ஹாஸ்கின் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்.

பிளைத் படகுத்துறை இருந்த இடத்தில் இன்று ஒரு நினைவுப் பூங்கா. அங்கே ஒரு சுவரில் 1835 கணக்கெடுப்பில் பதிவான குடும்பத் தலைவர்களின் பெயர்கள், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல், வரிசையாகப் பொறித்திருக்கின்றன. அந்தச் சுவரில் வாக்கியமே இல்லை, வெறும் பெயர்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் செரோக்கி இளைஞர்கள் நியூ எக்கோட்டாவிலிருந்து தாலக்வா வரை ஏறக்குறைய 950 மைல் சைக்கிளில் போகிறார்கள். முதல் பயணம் 1984இல் நடந்தது. கிளம்பும் முன் ஒவ்வொருவருக்கும் அவரவர் வம்சாவளியைத் தேடி எடுத்துக் கொடுப்பார்கள். வழியில் இந்தச் சுவருக்கு வரும்போது, எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.